ஒழுகும் அணுக்கரு

பெரிலியம்-8இல் நான்கு புரோட்டான்களும் நான்கு நியூட்ரான்களும் உண்டு. உருவான மாத்திரத்தில் அது இரண்டு ஆல்பா துகள்களாக (தலா இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹீலியம் கருக்களாக) பிளந்துவிடும். சராசரி ஆயுள் சுமார் 1.2 × 10⁻¹⁶ வினாடி. ஒரு வினாடியைக் கோடி கோடிக் கூறுகளாக்கி, அதில் ஒரு கூறை மறுபடியும் நூறாக நறுக்கினால் கிடைக்கும் நேரம் அது. இப்படிப்பட்ட ஒன்றை 'இருக்கிறது' என்று சொல்லலாமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். நம் உடம்பிலுள்ள கார்பன் இதன் வழியாக வந்தது. முதிர்ந்த விண்மீனின் நடுவே, பத்துக் கோடி கெல்வின் வெப்பத்தில், ஆல்பா துகள்கள் ஓயாமல் மோதிப் பெரிலியம்-8 ஆகின்றன, ஓயாமல் உடைகின்றன. நூறு கோடி ஆல்பாக்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் அது எப்போதும் மிஞ்சியிருக்கும். அந்த ஒன்றை மூன்றாவது ஆல்பா உடைவதற்குள் பிடித்துவிட்டால் கார்பன்-12. அப்படிப் பிடிபடுவதற்குக் கார்பனில் 7.65 மெகா எலக்ட்ரான் வோல்ட் (அணுக்கரு ஆற்றலின் அலகு, இனி மெ.எ.வோ.) அருகே ஓர் ஆற்றல் நிலை இருந்தே தீர வேண்டும் என்று வானியலாளர் ஃப்ரெட் ஹாயில் 1953இல் சொன்னார். கால்டெக் ஆய்வகத்தில் தேடினார்கள், இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த நிலையும் நிலையானது அல்ல. பத்தாயிரம் முறை உருவானால் நான்கைந்து முறைதான் கார்பனாகத் தங்கும். மற்றதெல்லாம் திரும்ப ஆல்பாக்களாகச் சிதறிவிடும்.

ஆக, நிற்காத கருக்களை ஒதுக்கிவிட்டு அணுக்கரு இயற்பியல் செய்ய முடியாது. அவற்றைக் காகிதத்திலும் கணினியிலும் எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் 'கட்டு' என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு கருவைத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத தூரத்தில் அசையாமல் நிறுத்தினால், அந்த ஆற்றலைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். கருவின் ஆற்றல் அதற்குக் கீழே இருந்தால் அது கட்டுண்ட நிலை. கடன்காரன் ஊரைவிட்டுப் போக முடியாததைப் போல. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த டியூட்டிரானுக்கு 2.22 மெ.எ.வோ. கடன், யாராவது அவ்வளவையும் கொடுத்தால்தான் பிரியும். பெரிலியம்-8இன் கதை நேர்மாறு. அதன் கையில் 0.092 மெ.எ.வோ. உபரியாக இருக்கிறது. பிரிந்து போகப் பணம் உண்டு. ஆகவே கட்டறு நிலை.

கடனில் இருக்கும் நிலைகளுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டுமே, படிக்கட்டின் படிகளைப் போல, அவை இருக்க முடியும். பூச்சியத்துக்கு மேலே போனதும் படிகள் முடிந்து சரிவுப் பாதை தொடங்குகிறது. எந்த ஆற்றலும் செல்லும். இதைத் தொடர்மம் என்கிறோம். ஆனால் அந்தச் சரிவிலும் சில இடங்களில் துகள்கள் வழக்கத்தைவிட நெடுநேரம் ஒன்றாகத் தங்கிவிட்டுப் போகின்றன. அந்த இடங்கள்தான் ஒத்ததிர்வு நிலைகள். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் பரிவு என்று சொல்வார்கள், அழகான சொல்.

உபரி இருந்தும் உடனே ஏன் கிளம்பவில்லை? வழியில் ஓர் அரண் நிற்கிறது. இதைத் தோராயமாகச் சொல்லாமல் எண்களைப் போட்டே பார்த்துவிடலாம். பள்ளிக் கணக்குப் போதும்.

இரண்டு ஆல்பாக்களுக்கும் தலா இரண்டு நேர் மின்னூட்டம். அவற்றுக்கிடையிலான மின் விலக்கத்தின் ஆற்றல், 4 × 1.44 = 5.76 என்ற எண்ணைத் தொலைவால் வகுத்தால் வரும் (தொலைவு ஃபெர்மியில், அதாவது 10⁻¹⁵ மீட்டரில், விடை மெ.எ.வோ. அலகில்). அணுக்கரு ஈர்ப்பு ஏறக்குறைய 6 ஃபெர்மியோடு ஓய்ந்துவிடுகிறது. அங்கே அரணின் உயரம் 5.76 ÷ 6, கிட்டத்தட்ட 1 மெ.எ.வோ. ஆல்பாக்களின் கையில் இருப்பதோ 0.092. அரண் எங்கே 0.092க்குத் தாழ்கிறது? 5.76 ÷ 0.092 = 62.6 ஃபெர்மியில். ஈர்ப்பு 6இல் முடிகிறது, தடை 62 வரை நீள்கிறது! இந்த ஐம்பத்தைந்து ஃபெர்மிக்கும் மேலான தூரத்தைக் குவாண்டம் ஊடுருவலால், அதாவது ஏறிக் கடக்கும் ஆற்றல் இல்லாமலே அரணுக்குள் புகுந்து மறுபுறம் வருவதால், மட்டுமே கடக்க முடியும். பெரிலியம்-8 பல லட்சம் முறை உள்ளுக்குள் முட்டி மோதிய பிறகுதான் வெளியேறுகிறது என்பது இப்போது விளங்கும். ஆல்பா கருவுக்குள் ஒரு முறை குறுக்கே போக 10⁻²² வினாடி அளவுதான் ஆகும். அந்தக் கணக்கில் 10⁻¹⁶ வினாடி என்பது நீண்ட ஆயுள்.

இப்போது ஹீலியம்-5. ஓர் ஆல்பா, ஒரு நியூட்ரான். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆகவே மின் அரண் இல்லை. ஆனால் அந்த நியூட்ரான் ஓர் அலகு கோண உந்தத்தோடு சுற்றுகிறது. சுற்றுவதாலேயே ஒரு விலக்கம் வரும். அதன் ஆற்றல் சுமார் 52ஐத் தொலைவின் வர்க்கத்தால் வகுத்தது. உபரி சுமார் 0.8 மெ.எ.வோ. அரண் எங்கே முடிகிறது? 52 ÷ 0.8 = 65, அதன் வர்க்கமூலம் 8 ஃபெர்மி. பெரிலியத்தின் மதில் 62 வரை நீண்டது. இதன் வேலி 8 ஃபெர்மியிலேயே முடிந்துவிடுகிறது. ஹீலியம்-5இன் ஆயுள் 10⁻²¹ வினாடி. பத்துப் பன்னிரண்டு முறை குறுக்கே போகும் நேரம். அவ்வளவுதான்.

கோண உந்தமும் இல்லை, மின்னூட்டமும் இல்லை என்றால்? வேலியே இல்லை. இரண்டு நியூட்ரான்கள் அப்படித்தான். அவற்றுக்கிடையே நல்ல ஈர்ப்பு உண்டு, ஆனால் கட்டுண்ட நிலைக்குச் சற்றே போதாது. தடுத்து நிறுத்த அரண் இல்லாததால் ஒத்ததிர்வாகவும் ஆகாது. கட்டுண்டிருக்கலாமே என்ற ஏக்கம் மட்டும் அவை ஒன்றோடொன்று மோதும் விதத்தில் தெரியும். இதை மெய்நிகர் நிலை என்கிறார்கள். இந்த இரண்டு நியூட்ரான்களைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

ஆயுளும் ஆற்றலும் ஓர் எளிய உறவால் பிணைந்தவை. சீக்கிரம் போய்விடுவதன் ஆற்றல் துல்லியமாக இருக்காது. அந்தப் பரவலை அகலம் என்கிறோம். சுருக்கிய பிளாங்க் மாறிலியை, அதாவது 6.58 × 10⁻²² மெ.எ.வோ. வினாடியை, அகலத்தால் வகுத்தால் ஆயுள். ஹீலியம்-5இன் அகலம் சுமார் 0.65 மெ.எ.வோ.; வகுத்துப் பாருங்கள், 10⁻²¹ வினாடி வரும். பெரிலியம்-8இன் அகலம் 5.6 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே, லட்சம் மடங்குக்கும் மேல் குறைவு. ஆய்வகத்தில் யாரும் 10⁻²¹ வினாடியைக் கடிகாரத்தால் அளப்பதில்லை. துகள்களை மோதவிட்டு, ஆற்றலை மெல்ல மாற்றி, எங்கே மோதல் வாய்ப்பு உச்சமடைகிறது, அந்த உச்சம் எவ்வளவு அகலம் என்று பார்க்கிறார்கள். உச்சத்தின் வடிவத்துக்குக் கிரெகரி பிரைட்டும் யூஜின் விக்னரும் 1936இல் தந்த சூத்திரம் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். சோவியத் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் 1928இல் ஜெர்மனியின் கோட்டிங்கனுக்குப் போனபோது அவருக்கு வயது 24. அப்போது ஒரு புதிர் எல்லோரையும் உறுத்திக்கொண்டிருந்தது. 8.8 மெ.எ.வோ. ஆல்பா துகளை வெளியிலிருந்து யுரேனியம் கருமீது எறிந்தாலும் உள்ளே புக முடியவில்லை. அதே யுரேனியத்திலிருந்து வெறும் 4.2 மெ.எ.வோ. ஆல்பா வெளியே வருகிறது. எப்படி? அரணை ஏறிக் கடக்கவில்லை, ஊடுருவி வருகிறது என்றார் காமோவ். அதே ஆண்டில் பிரின்ஸ்டனில் கர்னியும் காண்டனும் தனியாக அதே விடைக்கு வந்தார்கள். ஆனால் காமோவ் செய்த இன்னொன்றுதான் நம் கதைக்கு முக்கியம். ஆற்றலைக் கலப்பெண்ணாக எழுதினார்.

கலப்பெண் என்றதும் பயப்பட வேண்டாம். மெய்ப் பகுதி ஒன்றும் கற்பனைப் பகுதி ஒன்றும் கொண்ட எண், அவ்வளவுதான். குவாண்டம் இயற்பியலில் நிலையான ஒரு கருவின் அலையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளலாம். ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு வேகமாக முள் சுற்றும், நீளம் மாறாது. ஆற்றலோடு எதிர்மறையான கற்பனைப் பகுதி ஒன்றைச் சேர்த்தால் முள் சுற்றிக்கொண்டே தேயும். எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதே சிதைவின் வேகம். மெய்ப் பகுதி ஒத்ததிர்வின் இடத்தைச் சொல்லும். கற்பனைப் பகுதி அகலத்தில் பாதி. ஒரே எண்ணில் இடமும் ஆயுளும் அடங்கிவிட்டன. கலப்பெண் தளத்தில் அது ஒரு புள்ளி, மெய் அச்சுக்குக் கீழே.

ஆற்றல் மெய் எண்ணாகத்தானே இருக்க வேண்டும் என்று பாடம் படித்தவர்கள் கேட்பார்கள். துகள்கள் உள்ளேயே இருக்கும்வரை அப்படித்தான். காமோவ் போட்ட நிபந்தனை வேறு: வெகுதூரத்தில் வெளியே போகும் அலை மட்டும் இருக்கட்டும், உள்ளே வரும் அலை வேண்டாம். வெளியே மட்டும் போகிறது என்றாலே உள்ளே இருப்பது குறைந்துகொண்டு வர வேண்டும். குறைவதைச் சொல்லத்தான் கற்பனைப் பகுதி. கட்டறு நிலைகளைப் பற்றிய கணக்கில் பாதிக்குமேல் இந்த ஒரு கேள்விதான் என்பது என் எண்ணம்: எல்லையில், கருவிலிருந்து வெகுதூரத்தில், என்ன நடப்பதாக வைத்துக்கொள்கிறீர்கள்?

இதில் ஒரு சங்கடம் உண்டு. காமோவின் அலை கருவை விட்டு விலக விலகச் சிறுத்துப் போகாமல் பெருத்துக்கொண்டே போகிறது, எல்லையின்றி. முதன்முதலில் பார்ப்பவர் கையெழுத்துப் பிழை என்றே நினைப்பார். பிழை இல்லை. மதகு திறந்த ஏரியை நினைத்துப் பாருங்கள். நீர்மட்டம் குறையக் குறைய மதகு வழியாக வரும் நீரும் குறையும். இந்த நொடியில் வாய்க்காலில் மதகடியில் ஓடும் நீர் இப்போது கிளம்பியது; மைல் தள்ளி ஓடும் நீர் ஏரி நிரம்பியிருந்தபோது கிளம்பியது. ஆகவே தள்ளிப் போகப் போக நீர் அதிகம். காமோவ் அலையும் அப்படியே: தூரத்தில் இருப்பது பழையது, பழையது என்பதால் பெரியது. நிஜ வாய்க்காலுக்கு ஒரு முனை உண்டு, மதகைத் திறந்த நேரம் என்று ஒன்று உண்டு. காமோவின் கணக்கில் மட்டும் ஏரி ஆதியிலிருந்தே ஒழுகிக்கொண்டிருக்கிறது.

விளக்கம் அழகாக இருந்தாலும் கணினி ஒப்புக்கொள்ளாது. வழக்கமாக அலையின் மொத்தப் பரப்பை ஒன்று என்று சரிசெய்வோம். எல்லையின்றிப் பெருப்பதை எப்படிச் சரிசெய்வது?

மிக எளிய தந்திரம், எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைப்பது. குறிப்பிட்ட ஆரத்தில் ஒரு சுவர். அதற்கப்பால் அலை பூச்சியம். தொடர்மம் உடனே படிகளாக மாறிவிடும், கணினிக்குச் சந்தோஷம். ஆனால் அந்தப் படிகளில் பெரும்பாலானவை சுவர் செய்த படிகள். ஆல்பா-நியூட்ரான் கணக்கில், ஓர் அலகு கோண உந்தத்தோடு, ஈர்ப்பே இல்லாமல் 20 ஃபெர்மி பெட்டியில் முதல் படி 1.3 மெ.எ.வோ.யில் விழும். பெட்டியை 40 ஃபெர்மி ஆக்கினால் நாலில் ஒன்றாகி 0.33க்கு இறங்கும். முதன்முதலாக இந்த நிரலை எழுதியபோது 1.3 என்ற விடையைப் பார்த்து ஒரு நாள் முழுக்கப் பூரித்துக் கிடந்தேன். மறுநாள்தான் தெரிந்தது, ஈர்ப்பு விசையின் வலிமையைப் பூச்சியமாகவே விட்டிருக்கிறேன் என்று. நான் கண்டுபிடித்தது சுவரை.

சுவரின் படியையும் கருவின் படியையும் பிரித்தறிய வழி உண்டு. பெட்டியைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சுவரின் படிகள் சரசரவென்று இறங்கும். ஒத்ததிர்வின் படி மட்டும் அசையாமல் நிற்கும். மேலிருந்து இறங்கி வரும் இன்னொரு படி அதை நெருங்கி, இடம் மாற்றிக்கொண்டு போகும். பெரிலியம்-8 போன்ற குறுகிய ஒத்ததிர்வு பாறையாக நிற்கும், பெட்டி அந்த 62 ஃபெர்மியைத் தாண்டியிருந்தால். ஹீலியம்-5 நிற்பதில்லை. இறங்கும் வழியில் கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி இறங்கத் தொடங்கிவிடும். அந்தத் தயக்கத்திலிருந்து ஆற்றலையும் அகலத்தையும் கறப்பது கலை என்றும் சொல்லலாம், தலைவலி என்றும் சொல்லலாம்.

அடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. தொலைவை அளக்கும் அளவுகோலையே கலப்பெண் தளத்தில் ஒரு கோணம் சாய்த்துவிடுவது. கணிதவியலாளர்கள் 1971இல் இதற்கு உறுதியான அடித்தளம் போட்டார்கள். சாய்த்த அளவுகோலில் பார்த்தால், பெருத்துக்கொண்டே போன காமோவ் அலை சிறுத்து அடங்கிவிடுகிறது. தொடர்மத்தின் ஆற்றல்கள் பூச்சியத்தை அச்சாகக் கொண்டு, சாய்த்த கோணத்தைப் போல இருமடங்கு கீழே திரும்புகின்றன. கட்டுண்ட நிலைகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒத்ததிர்வுப் புள்ளிகளோ, கலைந்து திரும்பும் கூட்டத்திலிருந்து விலகி, தனியாக வெளிப்பட்டு நிற்கும். ஹீலியம்-5இன் புள்ளி மெய்யில் 0.8, கீழே 0.325. பூச்சியத்திலிருந்து பார்த்தால் 22 பாகை கீழே. ஆகவே அளவுகோலை 11 பாகைக்குமேல் சாய்த்தால்தான் அது தலைகாட்டும். 10 பாகையில் நிறுத்தியவர் ஹீலியம்-5இல் ஒத்ததிர்வே இல்லை என்று எழுதிவிடுவார். கோணத்தை மேலும் மாற்றினாலும் புள்ளி அசையக் கூடாது. அசைந்தால் அது பொய்ப் புள்ளி.

சுவீடனின் லுண்ட் நகரில் இருந்த தோரே பெர்கிரென் 1968இல் இன்னொரு கதவைத் திறந்தார். கட்டுண்ட நிலைகள், ஒத்ததிர்வுகள், அவற்றைச் சுற்றிக்கொண்டு கலப்பெண் தளத்தில் போகும் தொடர்மப் பாதை ஒன்று: இவை மூன்றும் சேர்ந்தால் எந்த அலையையும் கட்ட முழுமையான செங்கற்கள் கிடைத்துவிடும் என்று காட்டினார். அன்றைய கணினிகளுக்கு அது பெரிய சுமை. 2002இல்தான் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைப் பல துகள்கள் கொண்ட கருக்களுக்குக் கொண்டுவந்தன. காமோவ் கூடு மாதிரி (Gamow shell model) என்று பெயர் நிலைத்தது. இவை தவிர, 1947இல் விக்னரும் ஐசன்பட்டும் அமைத்த ஆர்-மேட்ரிக்ஸ் முறை இருக்கிறது. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு, எல்லையில் இரண்டையும் ஒட்டுவது. அளவீடுகளை அலசுபவர்கள் இன்றும் பெரும்பாலும் இதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

நிற்கும் கருக்களுக்கு மட்டும் கணக்குப் போடுபவருக்கு இந்தச் சிரமம் எதற்கு? ஹீலியம்-6ஐப் பாருங்கள். ஓர் ஆல்பா, இரண்டு நியூட்ரான்கள். கட்டுண்ட கரு, பீட்டா சிதைவு வந்து அதை மாற்ற 0.8 வினாடி அரை ஆயுள் ஆகிறது. அதிலிருந்து ஒரு நியூட்ரானை எடுத்தால் மிஞ்சும் ஹீலியம்-5 நிற்காது. ஆல்பாவை எடுத்தால் மிஞ்சும் இரண்டு நியூட்ரான்களும் நிற்கா. எந்த இரண்டும் சேராது, மூன்றும் சேரும். ஆக, நிற்கும் ஹீலியம்-6இன் அலையைக் கட்டவே நிற்காத நிலைகள் தேவைப்படுகின்றன. படிகளை மட்டும் வைத்துக்கொண்டு கட்டினால் அதன் நீண்ட வால் அறுந்துவிடும்.

பலதுகள் கணக்கைவிட அளவீடு எளிது என்று நினைக்க வேண்டாம். ஆக்சிஜன்-28 எட்டுப் புரோட்டான்களும் இருபது நியூட்ரான்களும் கொண்டது. இரண்டுமே மாய எண்கள் (கருவை வழக்கத்தைவிடக் கெட்டியாக்கும் எண்ணிக்கைகள்) என்பதால் அது கெட்டியாக நிற்கும் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் ஃபுளோரின்-29 கற்றையைத் திரவ ஹைட்ரஜனில் மோதவிட்டு, ஒரு புரோட்டானைத் தட்டிவிட்டு, அதை உண்டாக்கினார்கள். ஆக்சிஜன்-24ஆகவும் நான்கு நியூட்ரான்களாகவும் உடைந்தது. அந்த ஐந்தையும் ஒரே நேரத்தில் பிடித்ததால்தான் 2023இல் அதைப் பற்றி எழுத முடிந்தது. உபரி சுமார் 0.46 மெ.எ.வோ.

இனி ஒரு வில்லங்கம். ஹீலியம்-5க்கு 0.8 என்றும் 0.65 என்றும் எண்கள் கொடுத்தேன். அவை கலப்பெண் தளத்தில் உள்ள புள்ளியின் இடம். அதே அளவீடுகளை மரபான ஆர்-மேட்ரிக்ஸ் வழியில் படித்தால் ஆற்றல் 0.96, அகலம் ஏறக்குறைய 1 என்று வரும். யாரும் தப்புச் செய்யவில்லை. குறுகிய ஒத்ததிர்வில் இரண்டு வரையறைகளும் ஒரே விடையைத் தரும். அகன்றதில் உச்சம் ஓரிடம், புள்ளி வேறிடம். அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுத்து இன்னொருவரின் கணக்கோடு ஒப்பிடுவதற்குமுன், அது எந்த வழியில் வந்தது என்று பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

அகலம் இன்னும் கூடும்போது சண்டை பெரிதாகிறது. 2022இல் அதே ரிக்கனில், ஹீலியம்-8 கருவிலிருந்து ஆல்பாவைத் திடீரென்று தட்டி எடுத்து, மீதமிருந்த நான்கு நியூட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிட்டார்கள். 2.4 மெ.எ.வோ. அருகே ஓர் உச்சம், 1.75 அகலம். நான்கு நியூட்ரான்கள் மட்டுமே சேர்ந்த ஓர் ஒத்ததிர்வு போன்ற அமைப்பு என்று அறிவிக்கப்பட்டது. ஆயுள் 4 × 10⁻²² வினாடி. ஒரு கருவை நான்கு முறை குறுக்கே கடக்கும் நேரம்தான். மறு ஆண்டு லசாஸ்கஸ், ஹியாமா, கார்போனெல் மூவரும் வேறொரு கணக்கை வைத்தார்கள். நான்கு நியூட்ரான்களும் ஹீலியம்-8க்குள் எப்படி இருந்தனவோ அந்தத் தொடக்கமும், கட்டுண்டிருக்கலாமே என்று ஏங்கும் அந்த இரண்டிரண்டு நியூட்ரான்களின் ஈர்ப்பும் போதும், இதே உச்சம் வந்துவிடும், ஒத்ததிர்வு எதுவும் வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். உச்சம் இருப்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. அதற்குக் காரணமாக மெய் அச்சுக்குக் கீழே, அருகில், ஒரு புள்ளி இருக்கிறதா என்பதில்தான்.